‘ரத்தக்கசிவுக்கு வாய்ப்புள்ளது’ என்று இனி எழுத மாட்டேன்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. கதை, கவிதை எல்லாம் கிடையாது. காப்பீட்டுப் பத்திரம், மருத்துவமனைப் படிவம், தொழிற்சாலைப் பாதுகாப்புக் கையேடு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுச்சீட்டு, இந்த மாதிரி வேலைகள். இவற்றையெல்லாம் யாரும் ரசித்துப் படிப்பதில்லை, ஆனால் படிக்கிற நேரத்தில் படிக்கிறவருக்கு வயிற்றைப் பிசைந்துகொண்டிருக்கும். அதனால் இதில் ஒரு சொல் தப்பாகப் போனால் அது வெறும் மொழிப்பிழையாக நின்றுவிடுவதில்லை என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். புரியவைத்தது என் அத்தை.

பித்தப்பையில் கல் என்று அத்தையை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மறுநாள் காலை அறுவை சிகிச்சை. முந்தின நாள் சாயங்காலம் நர்ஸ் வந்து ஒப்புதல் படிவத்தை நீட்டினார். அத்தை ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர், ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எதையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுவார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ரத்தக்கசிவுக்கு வாய்ப்புள்ளதுன்னு போட்டிருக்கே தம்பி, வாய்ப்புன்னா நல்லதுக்குத்தானே சொல்லுவோம்? அப்புறம் கீழ ‘எந்தவொரு இறுதி நிகழ்வுக்கும் மருத்துவமனை பொறுப்பல்ல’ன்னு இருக்கு. இறுதின்னா என்னா? என்னைய முடிச்சுத்தான் அனுப்பப் போறாங்களா?”

அந்த இரண்டு வரியையும் எழுதியது நான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் ஏஜென்சி வழியாக வந்த வேலை, எந்த மருத்துவமனைக்குப் போகிறது என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. அத்தையின் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததும் என் வாக்கியம் என்று உடனே தெரிந்துவிட்டது. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு வந்தேன், அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேச்சுத் தமிழில் விளக்கினார், அத்தை கையெழுத்துப் போட்டார், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அது சரி. ஆனால் அந்த இரண்டு வருடத்தில் எத்தனை பேர் அந்தப் படிவத்தைப் படித்துவிட்டு, கேட்பதற்குக் கூட ஆள் இல்லாமல், இரவெல்லாம் விழித்துக்கொண்டு கிடந்திருப்பார்கள் என்ற நினைப்பு என்னை விடவில்லை. இன்றைக்கும் விடவில்லை.

ஆங்கில மூலத்தில் இருந்த சொல் ‘இவென்ச்சுவாலிட்டி’. ‘இன் எனி இவென்ச்சுவாலிட்டி’ என்று இருந்தது. ‘இவென்ச்சுவலி’ என்றால் ‘கடைசியில்’ என்று நமக்குத் தெரியும், அதனால் இது ‘கடைசியில் நடப்பது’ என்று நானாக முடிவுகட்டி ‘இறுதி நிகழ்வு’ என்று போட்டுவிட்டேன். அகராதியைத் திறந்து பார்த்திருந்தால் அரை நிமிட வேலை. தெரிந்த சொல் போல இருப்பதால்தான் திறக்கவில்லை. தெரியாத சொல் என்னை ஒருபோதும் ஏமாற்றியதில்லை, தேடிப் பார்த்துவிடுவேன். ஏமாற்றுவதெல்லாம் இப்படித் தெரிந்த முகத்தோடு வருகிற சொல்தான்.

அந்தச் சொல்லின் பிறப்பு இதுதான். லத்தீனில் ‘எவெனிரே’ என்றால் வெளிப்படுவது, விளைவது. அதிலிருந்து ‘இவென்ட்’. அதிலிருந்து, ‘நடந்தாலும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம்’ என்ற பொருளில் ‘இவென்ச்சுவாலிட்டி’. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இதே குடும்பத்துச் சொற்கள் இன்றைக்கும் ‘ஒருவேளை’ என்றுதான் பொருள் தருகின்றன. ஆங்கிலத்தில் மட்டும் ‘இவென்ச்சுவலி’ தனியாகப் பிரிந்து போய், ‘எவ்வளவு நாளானாலும் முடிவில் நடந்தே தீரும்’ என்று ஆகிவிட்டது. ‘இவென்ச்சுவாலிட்டி’யோ பழைய வீட்டிலேயே, ‘ஒருவேளை’யோடு தங்கிவிட்டது. ஒரே குடும்பத்தில் ஒருத்தி நிச்சயம், இன்னொருத்தி சந்தேகம்.

இது எனக்குப் பணக்கணக்கிலும் ஒருமுறை வந்து நின்றது. பிரான்சிலிருந்து வேலை அனுப்பும் ஒரு மேலாளர் ‘வி வில் இவென்ச்சுவலி நீட் ஃபார்ட்டி மோர் பேஜஸ்’ என்று எழுதியிருந்தார். நாற்பது பக்கம் உறுதி என்று நினைத்து இரண்டு வாரத்தை ஒதுக்கி, வந்த வேறு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் பிரெஞ்சு மனதோடு சொன்னது ‘தேவைப்பட்டாலும் படலாம்’ என்பது. தேவைப்படவில்லை. அவர் மேல் தப்பே இல்லை, அவருடைய மொழியில் அது சரியான சொல். அதற்கப்புறம் ஐரோப்பாவிலிருந்து வரும் மின்னஞ்சலில் இந்தச் சொல்லைப் பார்த்தால், உறுதியா, ஒருவேளையா என்று ஒரு வரி கேட்டுவிட்டுத்தான் நாட்காட்டியில் குறிக்கிறேன். நீங்களும் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஆங்கிலத்தில் ‘இவென்ச்சுவாலிட்டி’ எங்கே உட்காரும், எங்கே உட்காராது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அதற்கு முன்னால் ‘எனி’, ‘எவ்ரி’, ‘ஆல்’ இருக்கும். கூட வரும் வினைகள் தயாராவது, திட்டமிடுவது, காப்பீடு செய்வது என்கிற மாதிரி இருக்கும். ‘ப்ரிபேர்டு ஃபார் எவ்ரி இவென்ச்சுவாலிட்டி’ என்றால் காதுக்கு இயல்பு. ‘தேர் இஸ் அன் இவென்ச்சுவாலிட்டி ஆஃப் ரெயின்’ என்று யாரும் சொல்வதில்லை, அந்த இடத்துக்கு ‘சான்ஸ்’ அல்லது ‘பாசிபிலிட்டி’ போதும். நம் ஊர் அலுவலகக் கடிதங்களில் ‘இன் தி இவென்ச்சுவாலிட்டி தட்’ என்று ஒரு முழ நீளத்துக்கு எழுதுகிறார்கள். அங்கே ‘இஃப்’ என்ற இரண்டெழுத்துச் சொல் அதே வேலையைச் செய்யும். கொஞ்சம் மரியாதையான தொனி வேண்டும் என்றால் ‘இன் தி இவென்ட் ஆஃப்’.

விமானத்தில் சொல்வார்களே, ‘இன் தி அன்லைக்லி இவென்ட் ஆஃப் எ லேண்டிங் ஆன் வாட்டர்’ என்று, அந்த அறிவிப்பு எனக்குப் பிடித்த வாக்கியம். ஏனென்றால் அதில் மூன்று விஷயமும் ஒன்றாக இருக்கிறது. நடக்கலாம், நடப்பது அரிது, நடந்தால் இதைச் செய். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் விமானம் இறங்கியபோது அந்த அரிதான ஒன்று நடந்தது. உள்ளே இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். பயமுறுத்தாமலும் மறைக்காமலும் சொல்லும் அந்தத் தொனியைத் தமிழில் கொண்டுவரத்தான் இத்தனை பாடும்.

இனி தமிழ்ப்பக்கம். நம்மிடம் ‘அசம்பாவிதம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘அசம்பாவிதம் ஏதும் நடக்காமல் இருக்க போலீஸ் பாதுகாப்பு’ என்று செய்தியில் தினம் படிக்கிறோம். வடமொழியில் அதன் நேர்ப்பொருள் ‘நடக்கக் கூடியதாக நினைக்கப்படாதது’. நினைக்காதது என்பது மெல்ல மெல்லக் கெட்டது என்று ஆகிவிட்டது. இந்திய ஆங்கிலத்தில் ‘எனி இவென்ச்சுவாலிட்டி’ என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்துவதும் இதே மாதிரிதான், சாவு என்ற சொல்லை வாயில் வரவழைக்காமல் சுற்றிப்போகிற வழி. நம் வீடுகளில் ‘ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா’ என்போம். ‘ஏதாவது நேர்ந்துவிட்டால்’ என்போம். இந்த ‘நேர்தல்’ அருமையான வினை. நல்லதற்கும் வரும், கெட்டதற்கும் வரும், நாமாகச் செய்ததைச் சொல்லாது, எதிரே வந்து நின்றதைச் சொல்லும். ‘இவென்ச்சுவாலிட்டி’க்கு இதைவிடப் பக்கத்தில் இருக்கிற சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ‘எதிர்பாராமல் ஏதாவது நேர்ந்தால்’ என்று எழுதினால் அத்தைக்கும் புரியும், வக்கீலுக்கும் புரியும்.

‘வாய்ப்பு’தான் என்னை அதிகம் உறுத்துகிற சொல். வாய்ப்பது என்றால் அமைவது, கைகூடுவது. ‘நல்ல மருமகள் வாய்த்தாள்’ என்கிறோம், ‘நல்ல மகசூல் வாய்த்தது’ என்கிறோம். வேலைவாய்ப்பு, நல்வாய்ப்பு, வாய்ப்பு கேட்டு அலைவது, எல்லாமே நாம் விரும்புகிற பக்கம். அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு போய் ‘பலி எண்ணிக்கை உயர வாய்ப்பு’, ‘மாரடைப்பு ஏற்பட வாய்ப்பு அதிகம்’ என்று வைக்கிறோம். ஆங்கிலத்தில் ‘சான்ஸ்’, ‘பாசிபிலிட்டி’, ‘லைக்லிஹுட்’ மூன்றும் நல்லது கெட்டது பார்க்காதவை, அதனால் மூன்றுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லாக ‘வாய்ப்பு’ என்று பழகிவிட்டோம். மழை பெய்ய வாய்ப்பு என்பது எனக்கு உறுத்தவில்லை, மழை வேண்டும்தானே. வெள்ளம் வர வாய்ப்பு என்றால் உறுத்துகிறது. பத்திரிகைக்காரர்கள் பலர் இதற்கு ‘இப்போது அது பொதுச்சொல் ஆகிவிட்டது, விடுங்கள்’ என்பார்கள். ஆகியிருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு அது இன்னும் பொதுச்சொல் ஆகவில்லை, நான் என் கண்ணால் பார்த்தேன்.

கெட்டதற்கு என்ன போடுவது? பல இடங்களில் பெயர்ச்சொல்லே வேண்டாம். ‘ரத்தக்கசிவு ஏற்பட வாய்ப்புள்ளது’ என்பதை ‘ரத்தம் கசியக்கூடும்’ என்றால் முடிந்தது. ‘கூடும்’ நல்லது கெட்டது இரண்டுக்கும் பொது. ஆபத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘அபாயம்’ என்றே சொல்லலாம், ‘ரிஸ்க்’ என்று மக்கள் சொல்வதையே எழுதினாலும் குடி முழுகிவிடாது.

‘-லாம்’ விகுதியில் மட்டும் கவனம் வேண்டும். ‘வரலாம்’ என்றால் வரக்கூடும் என்றும் பொருள், வர அனுமதி உண்டு என்றும் பொருள். ஆங்கில ‘மே’யிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு தொழிற்சாலைக்காக ‘ஃபோர்க்லிஃப்ட்ஸ் மே கிராஸ் ஹியர்’ என்ற பலகையை ‘ஃபோர்க்லிஃப்ட் வாகனங்கள் இங்கே கடக்கலாம்’ என்று கொடுத்திருந்தேன். அங்கே வேலை பார்க்கும் ஒருவர் படித்துவிட்டு, “ஓட்டுறவருக்குச் சொல்றீங்களா, நடக்கிறவருக்குச் சொல்றீங்களா சார்?” என்று கேட்டார். நடக்கிறவருக்கான எச்சரிக்கை அது. என் வாக்கியம் ஓட்டுகிறவருக்கு அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது. ‘ஃபோர்க்லிஃப்ட் வரும், பார்த்து நடக்கவும்’ என்று மாற்றினோம். மூலத்தில் ‘மே’ இருக்கிறதே என்று கேட்டால், பலகைக்கு ‘வரும்’ என்பதுதான் சரி, சாலையோரப் பலகையில் ‘மாடுகள் குறுக்கே வரும்’ என்றுதான் எழுதுவோம்.

‘கன்டின்ஜென்சி’ வேறு வகை. அதில் சம்பவம் பாதி, அதற்கான ஏற்பாடு பாதி. ‘கன்டின்ஜென்சி பிளான்’ என்றால் நினைத்தது நடக்காவிட்டால் என்ன செய்வது என்ற மாற்று ஏற்பாடு. ‘கன்டின்ஜென்சி ஃபண்ட்’ நம் அரசியல் சட்டத்தின் 267-ஆவது பிரிவில் இருக்கிறது, முன்கூட்டி நினைக்காத செலவு வந்தால் நாடாளுமன்ற ஒப்புதல் கிடைக்கும் வரை எடுத்துக்கொள்ள வைத்திருக்கும் பணம். மத்திய அரசின் அந்த நிதி 500 கோடி ரூபாயாக இருந்து, 2021-இல் 30,000 கோடியாக உயர்த்தப்பட்டது. ஆனால் ‘கன்டின்ஜென்ட் ஆன்’ என்று வந்தால் கதை மாறிவிடும். அங்கே பொருள் ‘அதைப் பொறுத்தது’. ‘பேமென்ட் இஸ் கன்டின்ஜென்ட் ஆன் அப்ரூவல்’ என்றால் ஒப்புதல் கிடைத்தால்தான் பணம். வழக்கு ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்று வாங்குவதை அமெரிக்காவில் ‘கன்டின்ஜென்சி ஃபீ’ என்பார்கள், இந்தியாவில் வழக்கறிஞர்கள் அப்படிப் பேசிக்கொள்ள பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. அமெரிக்க ஆவணம் ஒன்றில் இதை ‘எதிர்பாராக் கட்டணம்’ என்று ஒருவர் பெயர்த்திருந்ததைத் திருத்தியிருக்கிறேன். கட்சிக்காரர் அதை மறைமுகக் கட்டணம் என்றல்லவா நினைப்பார். ‘ஜெயித்தால் மட்டும் கட்டணம்’ என்று போட்டேன்.

எவ்வளவு நடக்கும் என்ற அளவு விஷயத்தில் ஆங்கிலச் சொற்களை நம்பாதீர்கள். ‘பாசிபிள்’ என்றால் நடக்க முடியும், அவ்வளவுதான். ‘ப்ராபபிள்’, ‘லைக்லி’ என்றால் நடக்காமல் போவதைவிட நடப்பதற்கே அதிக இடம் இருக்கிறது. கணக்காளர்களின் உலகத் தரவிதி ஒன்றில் ‘ப்ராபபிள்’ என்பதற்கு இந்தப் பொருளை எழுதியே வைத்திருக்கிறார்கள். இரண்டையும் தமிழில் ‘சாத்தியம்’ என்று ஒரே சொல்லில் போட்டால் வேறுபாடு போய்விடும். ‘பாசிபிள்’ என்றால் ‘நடக்கக்கூடும்’, ‘லைக்லி’ என்றால் ‘பெரும்பாலும் நடக்கும்’ என்று நான் பிரித்துக்கொள்கிறேன். பாடப்புத்தகத்தில் படித்த ‘நிகழ்தகவு’ அழகான சொல்தான், ஆனால் அது எண்ணோடு வரும் இடத்துக்கு மட்டும்.

ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை கிடையாது. 1951-இல் அமெரிக்க உளவு அமைப்பு, யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடப்பது ‘சீரியஸ் பாசிபிலிட்டி’ என்று ஓர் அறிக்கை எழுதியது. அதை எழுதிய குழுவில் இருந்த ஷெர்மன் கென்ட், அந்தச் சொல்லுக்கு எத்தனை சதவீதம் என்று நினைத்து எழுதினீர்கள் என்று தன் சகாக்களிடம் அப்புறம் கேட்டார். ஒருவர் 20 என்ற அளவில் சொல்ல, இன்னொருவர் 80 என்றார். ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே வாக்கியத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர்கள். அதனால்தான் 1964-இல் அவர் சொல்லுக்கு எண் ஒதுக்கி, ‘ப்ராபபிள்’ என்றால் 75 சதவீதத்தை ஒட்டி என்று ஒரு பட்டியலே எழுதினார். இன்றைக்குக் காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழு ‘லைக்லி’ என்றால் 66 சதவீதத்துக்கு மேல், ‘வெரி லைக்லி’ என்றால் 90-க்கு மேல் என்று வரையறுத்துத்தான் எழுதுகிறது. ஐரோப்பிய மருந்துச் சீட்டில் பக்கவிளைவு ‘காமன்’ என்று போட்டிருந்தால் நூறில் ஒருவர் முதல் பத்தில் ஒருவருக்குள். தமிழில் ‘பொதுவாக ஏற்படும்’ என்று பெயர்த்தால் படிக்கிறவர், எல்லாருக்கும் வரும் போலிருக்கிறது என்று மாத்திரையையே விழுங்க மாட்டார். அதனால் நான் சொல்லை விட்டுவிட்டு ‘நூறு பேர் சாப்பிட்டால் அதில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரையானவர்களுக்கு இது வரக்கூடும்’ என்று எழுதுகிறேன். நீளம்தான், ஆனால் புரியும்.

அத்தையின் படிவத்தை ஏஜென்சியிடம் கேட்டு வாங்கி, காசு வாங்காமல் திருத்திக் கொடுத்தேன். இப்போது அதில் ‘அறுவை சிகிச்சையின்போது சிலருக்கு அதிகமாக ரத்தம் கசியக்கூடும்’ என்று இருக்கிறது, பக்கத்தில் ‘நூறில் எத்தனை பேருக்கு’ என்று ஒரு காலிக் கட்டம், டாக்டர் பேனாவால் நிரப்ப வேண்டும். கீழே ‘எதிர்பாராமல் ஏதாவது நேர்ந்தால்’ என்று தொடங்கும் வரி. பொறுப்பு யாருக்கு என்ற பகுதியை அவர்களுடைய வக்கீல் பார்த்து எழுதினார், அது என் வேலை இல்லை.

இன்னொன்று, ‘இன் கேஸ்’. ‘டேக் அன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெயின்ஸ்’ என்றால் மழை வருமோ வராதோ, குடையை இப்போதே எடுத்துக்கொள். ‘இஃப் இட் ரெயின்ஸ்’ என்றால் மழை வந்த பிறகு எடு. நாம் இரண்டையும் ‘மழை வந்தால்’ என்று பெயர்த்துவிடுகிறோம். ஆனால் பேசும்போது நாம் ஒருநாளும் குழப்பிக்கொள்வதில்லை. ‘மழை வந்தாலும் வரும், குடையை எடுத்துக்கோ’ என்று தெளிவாகச் சொல்வோம். அதற்கும் சுருக்கமாக ஒரு சொல் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்று அத்தை பையில் இரண்டு புடவைக்கு மேல் மூன்றாவதாக ஒன்றை மடித்து வைத்தார். ஒரு பழைய துண்டு, ஒரு தீப்பெட்டி, சின்ன டப்பாவில் சர்க்கரை. ரெண்டு நாளில் வந்துவிடுவோமே அத்தை, இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். ‘எதுக்கும் இருக்கட்டும்பா’ என்றார். அப்போது அது என் காதில் விழுந்ததே தவிர மனதில் விழவில்லை.

போன மழைக்காலத்துக்கு முன்னால் புயல் முன்னெச்சரிக்கைத் துண்டறிக்கை ஒன்று வேலைக்கு வந்தது. டார்ச், குடிநீர், பிளாஸ்டிக் உறைக்குள் ரேஷன் கார்டு, மருந்துச் சீட்டு என்று பட்டியல். மேலே ஆங்கிலத் தலைப்பு ‘பி ப்ரிபேர்டு ஃபார் எனி இவென்ச்சுவாலிட்டி’. ‘எதற்கும் இவை கையில் இருக்கட்டும்’ என்று எழுதி அனுப்பினேன். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அச்சடித்தார்கள்.